இல்லாத சீடியில் இருந்த மாமி

வெட்கப்படுகிறவனுக்கு யாரும் எதையும் விளங்கப்படுத்தப் போகக் கூடாது. விளங்கினாலும் அவன் "ஓம்" என்று தலையாட்டுவான், விளங்காவிட்டாலும் "ஓம்" என்பான். விளங்காத "ஓம்" கொஞ்சம் கெதியாக, அவசரமாக வரும். வித்தியாசம் அவ்வளவுதான். எதிரில் நிற்பவர் அதைக் கண்டுபிடிப்பதற்குள் காரியம் கெட்டுவிடும்.

நான் அந்த வகை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, தோணிகளுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலைக்குப் போனவன். வறுமைதான் காரணம் என்று வீட்டில் சொல்வார்கள். அதுவும்தான். ஆனால் வாத்தியார் கேள்வி கேட்டால் எழும்பி நிற்க வேண்டும் என்ற சட்டம் இல்லாதிருந்தால் இன்னும் இரண்டு வகுப்பாவது படித்திருப்பேன். தோணிகள் கேள்வி கேட்பதில்லை. அவற்றில் எழுத வேண்டிய ஆங்கில எழுத்துகளைக்கூட நான் படம் பார்த்து வரைகிற மாதிரித்தான் வரைந்தேன். (ஒருமுறை ஒரு தோணியின் இலக்கத்தைத் தலைகீழாக வரைந்துவிட்டேன். சொந்தக்காரரும் என்னைப் போல ஐந்தாம் வகுப்பு. அது அப்படியே பல நாள் கடலுக்குப் போய் வந்தது.)

எனக்கும் றிஸானாவுக்கும் சுனாமிக்குச் சில மாதங்கள் முந்தி சாய்ந்தமருதில் கலியாணம் நடந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி போவான். நானும் போனேன். கலியாண வீடியோவை இரண்டாக எடுத்தார்கள். ஆண்கள் பக்கத்தை ஸ்டூடியோ ஜௌபர் காக்கா (எங்கள் பக்கத்தில் அண்ணன் என்றால் காக்கா) எடுத்தார். பெண்கள் பக்கத்தை அவருடைய மனைவி எடுத்தார். இரண்டு பக்கத்துக்கும் இரண்டு சீடி. பெண்கள் பக்கச் சீடியை அந்நிய ஆண்கள் பார்க்கக் கூடாது. அதில் இருப்பவர்கள் பாதிப்பேர் எனக்கும் அந்நியம் என்பதால் மாப்பிள்ளையாகிய நானும் பார்க்கக் கூடாது. றிஸானாவின் உம்மா, என் மாமி, அதைத் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

பிறகு கடல் வந்தது. வீட்டையும் அலுமாரியையும் அல்பங்களையும் மாமியையும் கொண்டு போனது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

நாங்கள் மெயின் வீதிக்கு மேற்கே, றிஸானாவின் மூத்த சகோதரி, ராத்தா வீட்டில் ஒண்டினோம். அங்கேதான் எங்கள் மூத்த மகள் பிறந்தாள். ஒரு நாள் றிஸானா பிள்ளையை ஏணையில் ஆட்டிக்கொண்டே பாடியவள், பாதியில் நிறுத்திவிட்டாள்.

"உம்மாட மொகம் இரிக்கி," என்றாள். "சத்தந்தான் போயிட்டு. எவ்வளவு யோசிச்சும் வருகுதில்ல."

வீட்டில் உப்பு முடிந்துவிட்டது என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் பக்கத்தில் இருந்து கொஞ்சம் அழுதுவிட்டு வேலைக்குப் போயிருப்பேன். அவள் அப்படிச் சொன்னதால்தான் அன்றைக்கே கல்முனைக்குப் போனேன்.

ஜௌபர் காக்காவின் ஸ்டூடியோ மேல்மாடியில் இருந்ததால் கொம்பியூட்டர் தப்பியிருந்தது. ஆனால் உப்புக் காற்றும் ஒழுகின கூரையும் சேர்ந்து அதை நோயாளி ஆக்கியிருந்தன. சீடி எழுதுகிற பெட்டி செத்துவிட்டது. ஹார்ட் டிஸ்க் உள்ளே இருந்து "டக், டக்" என்று தட்டிக்கொண்டிருந்தது. எங்கள் கலியாணச் சீடிகள் இரண்டினதும் அச்சு அதற்குள்தான் கிடந்தது. வேறு இடத்துக்குப் பிரதி எடுக்கப் பார்த்தாராம், பாதியில் நின்றுவிட்டதாம். ஆண்கள் பக்கம் திறக்கவே இல்லை. (அதற்கு எங்கள் வீட்டில் யாரும் கவலைப்படவில்லை. அதில் பெரும்பாலும் நான்தான் இருந்தேன்.)

"பொம்புளப் பக்கம் ஓடும் போல இரிக்கி தம்பி," என்றார். "ஆனா இந்த ஹார்ட் டிஸ்க் எப்ப நிக்கும் எண்டு தெரியா. ஒருக்கா ஓடினா அதுவே பெரிய விசயம்."

அவர் சொன்ன விளக்கம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். இது சீடி இல்லையாம், ஆனால் சீடியில் இருந்த எல்லாம் ஒன்றும் குறையாமல் இதற்குள் இருக்கிறதாம். கொம்பியூட்டருக்குள் அவர் ஒரு பொய் சீடிப் பெட்டியை உண்டாக்கி வைத்திருக்கிறாராம். இந்த அச்சைக் கொண்டுபோய் அந்தப் பொய்ப் பெட்டியில் கொழுவிவிட்டால், யாரோ உண்மையான சீடியைப் போட்டுவிட்டார்கள் என்று கொம்பியூட்டர் நம்பிவிடுமாம்.

"விளங்கிச்சா?"

"ஓம்," என்றேன். மிகக் கெதியாகச் சொன்னேன்.

ஒருமுறை செய்து காட்டினார். சீடியின் பெயர் வரும் இடம் வரைக்கும் போய், ஹார்ட் டிஸ்க்குக்குப் பயந்து அதோடு நிறுத்திவிட்டார். எழுதிக்கொண்டு போக எனக்கு ஆங்கிலம் வராது. அதனால் கை விரல்களில் ஏற்றிக்கொண்டேன். பெருவிரல், திரையின் வலது மூலையில் இருக்கும் சின்னச் சிவப்பு வட்டம். சுட்டுவிரல், அதன் மேல் மவுஸின் வலது பக்கத்தை அமத்துவது. நடுவிரல், விரிகிற வரிகளில் மேலே உள்ளது. மோதிர விரல், இரண்டாம் இலக்கம் போட்ட படம், அதுதான் பெண்கள் பக்கத்து அச்சு. சுண்டுவிரல், திறப்பது. கடையிலேயே வைத்துப் பார்த்திருக்கலாம்தான். ஆனால் பெண்கள் பக்கச் சீடியை மெயின் வீதிக் கடையில் திறப்பதற்கு ராத்தா சம்மதிக்கவில்லை. மாமி போய் ஒரு வருசம் ஆகிறதற்கு ஓதுகிற கத்தத்துக்கு எல்லாரும் கூடுகிற அன்று கொம்பியூட்டரையே வீட்டுக்குக் கொண்டு வரச் சொன்னார். ஜௌபர் காக்காவுக்கு அன்று பாலமுனையில் ஒரு கலியாணம். கெமராவோடு போக வேண்டும். அவர் வெளிக்கிடுவதற்கு முன் நான் பெட்டியை எடுக்கப் போனபோது கேட்டார்.

"நீ தனிய செஞ்சிருவியா?"

"ஓம்."

"வீட்ட ஸ்பீக்கர் இரிக்கா?"

"ஓம்."

வீட்டில் ஸ்பீக்கர் இருக்கவில்லை. அவர் என்ன கேட்டார் என்பதே எனக்குத் திரீவீலில் ஏறிய பிறகுதான் உறைத்தது. விரல்களில் ஏற்றியது சிந்திவிடக் கூடாது என்று கையைப் பொத்திக்கொண்டே இருந்தேன்.

அப்போது நாட்டில் சண்டை மறுபடியும் சூடாகிக்கொண்டிருந்த காலம். வழியில் இருந்த சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். மடியில் கொம்பியூட்டரின் இரும்புப் பெட்டி, காலடியில் அதன் திரை, கையைப் பொத்திக்கொண்டு வாயால் முணுமுணுக்கிற ஒரு ஆள். நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். பெரியவர் போல இருந்தவர் பெட்டியைக் காட்டிச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்குச் சிங்களம் ஓடாது. நல்ல மனிதராகத் தெரிந்தார். மறுத்துப் பேசி மனதை நோகடிப்பானேன் என்று தலையை ஆட்டி "ஓம்" என்றேன்.

திரீவீல்காரர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"சுனாமில அள்ளின சாமானா எண்டு கேக்காரு," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "நீங்க ஓம் எண்டிட்டீங்க."

இறக்கினார்கள். கையை விரிக்கச் சொன்னார்கள். விரித்தேன். விரல்களுக்குள் வைத்திருந்த எல்லாம் வீதியில் கொட்டிப் போன மாதிரி இருந்தது. பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். எனக்கு என் உயிர் பற்றிய பயத்தைவிட, அவர்கள் அந்த "டக் டக்" பெட்டியைத் தட்டிப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. திரீவீல்காரர் கலியாணம், மாமி, கடல், கத்தம் என்று கைகளாலேயே முழுக் கதையையும் சொன்னார். பெரியவர் மூடியைத் தன் கையாலேயே பூட்டித் தந்து போகச் சொன்னார். (சண்டை முடிந்து அந்தச் சாவடியைக் கழற்றிவிட்டார்கள். திரீவீல்காரர் மட்டும் இன்றைக்கும் அந்த இடத்தைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து, "இஞ்சதான் நீங்க ஓம் சொன்ன," என்பார்.)

வீட்டுக்கு வரும்போது அஸர் தொழுகை முடிந்து கத்தம் ஓதத் தொடங்கியிருந்தார்கள். முன் விறாந்தை நிறைய ஆண்கள். அவர்களுக்கு நடுவில் மாமா. மாமியோடு வாழ்ந்த காலமெல்லாம் வீட்டில் சண்டை பிடித்துக்கொண்டே இருந்த மனிதர். சுனாமிக்குப் பிறகு தேநீர் வேண்டும் என்றுகூட வாய் திறந்து கேட்டதில்லை. கொடுத்தால் குடிப்பார்.

கொம்பியூட்டரை உள்ளறையில் வைத்தோம். ஸ்பீக்கர் இல்லை என்பதைச் சொல்ல வெட்கப்பட்டு நான் நிற்க, றிஸானாவின் தம்பி நஸீர் ஒரு வழி கண்டுபிடித்தான். கத்தம் ஓத வாடகைக்கு எடுத்த அம்பிளிபயர் இருந்தது. அதில் இருந்து பெண்களுக்காக உள்ளே ஒரு பெட்டி, ஊருக்காக வெளியே முருங்கை மரத்தில் ஒரு ஹோர்ன். ஓதி முடிந்ததும் மைக்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கொம்பியூட்டரைக் கொழுவினான். பெண்கள் பக்கத்தில் இருந்த குசினிக்குள், அடுப்படியில் காத்திருந்தார்கள். நான் படத்தை ஓட விட்டுவிட்டு வெளியே வர வேண்டும், பிறகு அவர்கள் உள்ளே போவார்கள். அதுதான் ஏற்பாடு.

நான் தனியாகக் கதிரையில் உட்கார்ந்து விரல்களைப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் "டக்" என்றது. வெளியே இருந்து நஸீர் ஏதோ கேட்டான். "ஓம், ஓம்," என்றேன். (என்ன கேட்டான் என்பது பிறகு ஊருக்கே தெரிய வந்தது.)

மவுஸின் வலது பக்கத்தை அமத்துவது ஞாபகம் வந்தது. எதன் மேல் அமத்துவது என்பதுதான் சாவடியில் கொட்டிப் போயிருந்தது. இரண்டாம் இலக்கப் படத்தின் மேலேயே அமத்தினேன். வரிகள் விரிந்தன. ஜௌபர் காக்கா காட்டியதைவிட நிறைய வரிகள். மேலே உள்ளதா கீழே உள்ளதா? ஒன்றை அமத்தினேன். உடனே நடுத்திரையில் ஒரு பெட்டி வந்து நின்று என்னிடம் ஏதோ கேட்டது. பதில் சொல்ல இரண்டு பொத்தான்கள். ஆங்கிலத்தில் கேட்டாலும் கேள்வி கேள்விதானே. நான் கேள்விகளுக்கு என்ன பதில் சொல்லுகிறவன் என்று உங்களுக்குத் தெரியும்.

முதல் பொத்தானை அமத்தினேன்.

இரண்டாம் இலக்கப் படம் திரையில் இருந்து காணாமல் போனது.

அதைத் தேடி மவுஸைத் திரை முழுக்க இழுத்தேன். எங்கேயும் இல்லை. குசினிக் கதவுச் சீலைக்கு அந்தப் பக்கம் இருந்து றிஸானா மெதுவாகக் கேட்டாள்.

"வந்திட்டா?"

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் என் வாயில் "ஓம்" வரவில்லை. நஸீரைக் கூப்பிட்டேன். வந்து திரையைப் பார்த்தான். "என்ன மச்சான் செஞ்ச?" என்றான். தெரியாது என்றேன். கைபேசியில் ஜௌபர் காக்காவை எடுத்துத் தந்தான். அந்தப் பக்கத்தில் கலியாண வீட்டுச் சத்தம். நான் நடந்ததைச் சொன்னேன்.

"தம்பி, நான் சொல்றதக் கேளு," என்றார். "இப்ப நீ எனக்கு ஓம் எண்டு மட்டும் சொல்லிராத. விளங்கல்ல எண்டா விளங்கல்ல எண்டு சொல்லு. குப்பை வாளிப் படம் ஒண்டு இரிக்கும். அதத் திறந்து, அதுக்குள்ள கெடக்கிறதத் திருப்பி அனுப்பு. விளங்கிச்சா?"

வாய் வரைக்கும் "ஓம்" வந்துவிட்டது. சீலைக்குக் கீழே றிஸானாவின் கால் விரல்கள் தெரிந்தன. அசையாமல் நின்றிருந்தாள்.

"எனக்கு விளங்கல்ல," என்றேன்.

"கேக்கல்ல தம்பி, இஞ்ச சத்தம்."

"எனக்கு விளங்கல்ல காக்கா!"

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. விறாந்தையில் தேநீர்க் கோப்பைகளின் சத்தம் நின்றது. மாமா தலையை நிமிர்த்திப் பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். ஆனால் அதன் பிறகு எனக்கு ஒன்றும் வெட்கமாக இருக்கவில்லை. திரையில் தெரிவதை நிறம் நிறமாகச் சொன்னேன். அவர் இடம் சொன்னார். விளங்காத ஒவ்வொன்றுக்கும் விளங்கல்ல என்றேன். குப்பை வாளியைத் திறந்தோம். கிடந்தது. திருப்பி அனுப்பினோம். ஹார்ட் டிஸ்க் தொடர்ந்து தட்டிக்கொண்டே போய், நின்று, மறுபடி தட்டியது. படம் பழைய இடத்துக்கு வந்தது. பிறகு மூலையில் இருந்த சிவப்பு வட்டம், வலது பக்கம், மேல் வரி, இரண்டாம் இலக்கம்.

"இப்ப திற," என்றார்.

திறந்தேன்.

கொழுவின சீடி, யாரும் சொல்லாமல் தானாகவே ஓடத் தொடங்கும் என்பதை ஜௌபர் காக்கா எனக்குச் சொல்லியிருக்கவில்லை. (சொல்லியிருப்பார். நான் ஓம் என்றிருப்பேன்.) திரையில் திடீரென்று நிறையச் சேலைகள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விறாந்தை வாசலை நோக்கிப் பாய்ந்தேன். வாசல் இருந்த இடத்தில் சீலை இருந்தது. சீலையைக் கம்பியோடு சேர்த்துப் பிடுங்கித் தலையில் போர்த்திக்கொண்டு, குருடன் மாதிரி கையை நீட்டியபடி விறாந்தைக்கு வந்து விழுந்தேன். அத்தனை ஆண்களும் என்னைப் பார்த்தார்கள்.

சரியாக அப்போதுதான் முருங்கை மரம் பேசியது.

"மாப்புளக்கி சத்தம் காணாகா!"

மாமி. ஊரே கேட்கிற மாதிரி மாமி. நஸீர் முன்பு என்னிடம் கேட்டது, "வெளி வயரக் கழட்டிட்டீங்களா?" என்றுதான்.

"ஒண்டும் கேக்குதில்ல," என்றது ஹோர்ன். "பானைக்குள்ள உளுந்த பூனக்குட்டி மாதிரி முனகுறாரு. இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்க."

கலியாணத்தன்று நிக்காஹ் நேரத்தில் நான் ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னது மைக்கிலேயே விழவில்லை என்பதும், மௌலவி மறுபடி சொல்ல வைத்தார் என்பதும் எனக்கு ஞாபகம் இருந்தது. அதைப் பெண்கள் பக்கத்தில் இப்படி ரசித்திருக்கிறார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது. வேலிக்கு மேலால் அயலவர்களின் தலைகள் முளைத்தன. விறாந்தையில் யாரும் சிரிக்கத் துணியவில்லை. கத்த வீடு. இறந்தவரே வந்து பகிடி விட்டால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது.

ஹோர்னில் ஒரு பெண், மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று எனக்காகப் பரிந்து பேசினாள்.

"வெக்கமோ? கலியாணம் அவருக்குத்தானேகா, எனக்கா?" என்றார் மாமி. பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி, கெடக்கட்டும். சத்தம் போடுற ஆம்புளையோட இரிந்து என்ட காதே அடச்சுப் போச்சு. என்ட புள்ளக்கி இதுதான் நல்லம்," என்றார். தாழ்த்திய குரல் அடுத்த ஒழுங்கைத் தெரு வரைக்கும் போனது.

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா ஹோர்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமி, பெண் பிள்ளையின் சத்தம் இப்படி வெளியே போவது சரியில்லை, வயரைக் கழற்றுங்கள் என்றார். நஸீர் எழும்பினான்.

அப்போது மாமி கூப்பிட்டார்.

"இஞ்சாருங்க! சோத்துச் சகன் காணா, இன்னும் ரெண்டு தட்டு வேணும். எங்க நிக்கிறீங்க?"

மாமா எழும்பினார். காலால் செருப்பைத் தேடினார்.

"இந்தா வாறன் புள்ள," என்றார். "கத்தாத."

செருப்பைப் போட்டுக்கொண்டு இரண்டடி வைத்தார். பிறகு முருங்கை மரத்தடியில் நின்றுவிட்டார். வயரில் கையை வைத்தபடி நஸீர் அவரைப் பார்த்தான்.

"கழட்டப் போகாத மகன்," என்றார் மாமா. "கதைக்கட்டும்."

கதைத்தார். பந்தி, பாய், யாருடையதோ காணாமல் போன காப்பு, எல்லாம் கதைத்தார். உள்ளே பெண்கள் சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பில் றிஸானாவின் சிரிப்பும் இருந்தது. பிறகு மாமி, "அந்த வட்டிலப்பத்த மட்டும் ஒருத்தரும்..." என்று தொடங்கினார். ஒரு "டக்" கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஹார்ட் டிஸ்க் அதோடு முடிந்தது. பிறகு எத்தனையோ பேரிடம் காட்டியும் அது எழும்பவே இல்லை. (வட்டிலப்பம் என்கிற அந்த இனிப்பை ஒருத்தரும் என்ன செய்யக் கூடாது என்பது பற்றி எங்கள் குடும்பத்தில் இன்னும் இரண்டு கட்சி உண்டு. தொடக் கூடாது என்பது ராத்தா கட்சி. மிச்சம் வைக்கக் கூடாது என்பது மாமா கட்சி. மாமா மௌத்தாகும் வரைக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.)

அன்று மாலை மாமா வாய் திறந்து தேநீர் கேட்டார். சீனி காணாது என்று சண்டையும் பிடித்தார்.

வெளி வயரைக் கழற்றியிருந்தால் அந்தக் குரலை ஒரு அறைக்குள் இருந்த சில பேர்தான் கேட்டிருப்பார்கள். கழற்றாததால் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. ஒழுங்கை சும்மா இருக்குமா? நான் கடையில் மெதுவாகச் சீனி கேட்டால் கடைக்காரர், "மாப்புளக்கி சத்தம் காணாகா," என்பார். பள்ளிவாசல் வாசலில் சொன்னார்கள். தோணிக்காரர்கள் சொன்னார்கள். ஆனால் எல்லாரையும்விடச் சரியாகச் சொல்லப் பழகியது றிஸானாதான். முதல் சொல்லில் கொஞ்சம் இழுத்து, கடைசியில் வெட்டி, மாமி சொன்ன அதே மாதிரி. என்னைப் பகிடி பண்ணுகிற சாட்டில் அவள் தினமும் அதைச் சொன்னாள். நானும் வேண்டுமென்றே சில நாட்கள் மெதுவாகப் பேசினேன்.

போன வருடம் மூத்த மகளுக்குக் கலியாணம். அந்த ஏணைப் பிள்ளைதான். நிக்காஹை அதே ராத்தா வீட்டிலேயே வைத்தோம். மகளைத் தருகிற வாப்பா நான். மௌலவி சொல்லித் தர, நான் மைக்கில் சொல்ல வேண்டும். பல நாள் குளியலறையில் பழகியிருந்தேன். மைக்கைக் கண்டதும் பழகினது எல்லாம் போய்விட்டது. உதடு அசைந்தது. மௌலவி கொஞ்சம் குனிந்து காதைக் கிட்டக் கொண்டு வந்தார்.

அப்போது பெண்கள் பக்கத்துச் சீலைக்குப் பின்னால் இருந்து வந்தது.

"சத்தம் காணாகா. இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்க."

எங்கள் குடும்பத்து ஆட்கள் ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நஸீரின் கண் முருங்கை மரத்துக்குப் போய் வந்தது. றிஸானா என்று தெரியும். தெரிந்தும் அப்படித்தான் இருந்தது.

நான் மைக்கை இழுத்து வைத்துக்கொண்டு, ஒழுங்கை கேட்கிற மாதிரி என் மகளைத் தந்தேன். புது மருமகன் என் பக்கம் சாய்ந்து, சீலையைக் கண்ணால் காட்டி, பயந்த குரலில் கேட்டார்.

"மாமா, இந்த வீட்டில எப்பவும் இப்பிடித்தானா?"

"ஓம்," என்றேன். விளங்கித்தான் சொன்னேன். அதனால் கொஞ்சம் மெதுவாக வந்தது.